தாமதத்துக்குக் காரணம்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் கேட்டால் "ம்", "பரவால்ல", "வெச்சுடட்டா" என்ற மூன்றுக்கு மேல் உன் வாயிலிருந்து எதுவும் வராது. காகிதத்தில்தான் நீ கொஞ்சமாவது பேசுகிறாய். அதனால் மறுபடியும் பேனாவை எடுத்துவிட்டேன்.

எங்கள் நாடகக் குழுவுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. போன கோடையில் இந்த நகரத்தில் வெயில் தாங்காமல் நிறைய பேர் இறந்துபோனார்கள். பாதிப் பேர் மேல்மாடியில் தனியாக இருந்தவர்கள். வருஷத்துக்கு வருஷம் வெயில் கூடிக்கொண்டே போகிறது. சுகாதார அலுவலகம் நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தது, வண்டியில் மைக் கட்டிச் சொல்லிப் பார்த்தது, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அங்கிருக்கும் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, "நாங்க சொல்லி யாரும் கேக்கல. நீங்க நடிச்சாவது காட்டுங்க" என்றார்.

நடித்தோம். சூரியனை வில்லனாக்கி, எங்கள் குழுவின் குண்டுப் பையனுக்கு அட்டையில் பதினாறு கதிர்கள் செய்து மாட்டிவிட்டோம். அவன் உறும, நாங்கள் நால்வரும் "தண்ணீர் குடியுங்கள், பகலில் வெளியே போகாதீர்கள்" என்று கோரஸாகச் சொன்னோம். இருபது நிமிஷ நாடகம். பத்தாவது நிமிஷத்தில் மூன்று பேர் மிச்சம். அதில் ஒரு அம்மா எழுந்து வந்து, சூரியனின் கதிர் ஒன்றைக் கழற்றி விசிறிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார். அன்று எங்களால் ஊருக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான்.

என்ன செய்யலாம் என்று ஒரு யோசனை சொல்லேன். நாள்முழுக்க நூறு பேர் முகத்தைப் பார்க்கிறவன் நீ.

உன் தங்கை,
வாலு

&nbsp;

பிப்ரவரி 19

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் சுகம். உன் அண்ணியின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது, கடைத்தெருவைக் கண்டால் சரியாகிவிடுகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒத்திகை ஒத்திகை என்று வயிற்றைக் காயப்போடாதே.

யோசனை கேட்டாய். எனக்கு நாடகம் தெரியாது, பஸ்தான் தெரியும். என் பஸ்ஸில் "படியில் நிற்காதீர்" என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அந்த எழுத்தின் மேலேயே சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள். ஆனால் முன்சீட்டில் இரண்டு பேர் "பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தால், பஸ் முழுக்க மூச்சு விடாமல் கேட்கிறது. இறங்க வேண்டிய ஸ்டாப்பைக்கூட விட்டுவிடுகிறார்கள்.

சூரியன் யாருக்கும் பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. ஒரு மனுஷனைப் போடு.

அண்ணன்

&nbsp;

மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே? அண்ணிக்கு என் அன்பு.

உனக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. நீ எழுதிய அந்த ஒரு வரியை ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு மனுஷனைப் போட்டோம். நாடகமே மாறிவிட்டது.

மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நூலக ஊழியர். கழுத்துவரை சட்டைப் பொத்தானைப் போட்டால்தான் அவருக்கு மரியாதை. வெயிலில் வீடு அடுப்பாகக் கொதிக்கிறது, மனுஷர் ஒரு பொத்தானைக் கழற்ற மாட்டார். யார் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்தே, "எனக்கென்ன, நான் ராஜா மாதிரி இருக்கேன்" என்பார். முதலில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் குரல் குழறும். அதே வாக்கியம்தான், ஆனால் சிரிப்பு நின்றுவிடும்.

நேற்று துணி காயப்போடும் முற்றம் ஒன்றில் நடித்தோம். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. ஒரு அம்மா கையை ஓங்கிக்கொண்டு, "கதவைத் திறங்கய்யா! ராஜாவாம் ராஜா!" என்று கத்திவிட்டார். முடிந்ததும் இரண்டு பேர் தங்கள் மாடியில் தனியாக இருப்பவரைப் பார்க்கப் படியேறிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

நாடகப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு எழுது. அது யார் என்று உனக்குத் தெரியும், வேலையை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன். கோபப்பட மாட்டாய் என்று நினைக்கிறேன்.

உன் தங்கை

&nbsp;

மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால் வந்ததா? வேலை அதிகமா?

இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. ஒரு வரி எழுதினால் போதும்.

வாலு

&nbsp;

ஏப்ரல் 9

அன்பான நாத்தனாருக்கு, அண்ணி எழுதுவது.

இங்கே உடம்புக்கு எல்லாரும் நலம். மனசுக்குத்தான் தெரியவில்லை. நீ நலமென்று நம்புகிறேன்.

உன் கடிதங்கள் இரண்டும் வந்தன. பிரதியை உன் அண்ணன் சமையலறையில் நின்றுகொண்டே படித்தார். பாதியில் உட்கார்ந்தார். முடித்ததும் மடித்து யூனிஃபார்ம் பையில் வைத்துக்கொண்டார். துவைக்கும்போது எடுக்கிறார், உலர்ந்ததும் திரும்ப வைக்கிறார். நான் கேட்டால், "நல்லா எழுதியிருக்கா" என்பதோடு சரி.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் உன் அப்பா இறந்த மறுவாரமே இவர் ஏழாம் நம்பர் பஸ்ஸை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் ஓட்டிய தடம். "போர் அடிக்குது" என்றார். இவரா போர் அடிக்கிற ஆள்? ஒரே ஸ்வெட்டரை ஒன்பது குளிர்காலம் போட்டவர். அன்றைக்கு நான் நம்பிவிட்டேன். இப்போதுதான் யோசிக்கிறேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

இல்லாத அப்பாவைக் கேட்க முடியாது, உன்னையும் கேட்காமல் அவரைத் தெருவில் நிறுத்தி ஜனங்களைச் சிரிக்க வைத்துவிட்டேன். அது தப்பு. நீ ஒரு வார்த்தை சொன்னால் நாடகத்தை நிறுத்திவிடுகிறேன். வேறு மனுஷனை யோசித்துக்கொள்ளலாம்.

நீ எழுதும்வரை நான் அந்தப் பிரதியைத் தொடப் போவதில்லை. குழுவிடம் எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை

&nbsp;

ஏப்ரல் 24

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் சுகம். நீ முதலில் தொண்டையைச் சரிபண்ணிக்கொள். நாடகத்தை நிறுத்தாதே.

அப்பாவைப் பார்த்து ஜனங்கள் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர் டிக்கெட் பரிசோதகராக ரயிலில் இருந்த காலத்திலேயே பாதி ரயில் அவரைப் பார்த்துச் சிரித்தது, அவருக்கும் அது தெரியும். நான் எழுதாததற்குக் காரணம் வேறு. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

ஏழாம் நம்பர் பஸ் அப்பா வீட்டெதிரே நிற்கும். ஒவ்வொரு டிரிப்பிலும் இரண்டு ஹாரன் அடிப்பேன். அவர் திரையை விலக்கி, டிக்கெட்டை நீட்டு என்பதுபோல் கையை நீட்டுவார். நான் இல்லை என்று கையை விரிப்பேன். பன்னிரண்டு வருஷம் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். போதுமானதாக இருந்தது.

அந்த நாள் காலை எட்டு இருபதுக்கு அவர் ஜன்னலில் இருந்தார். பத்தே முக்காலுக்கு இல்லை. குளிக்கிறார் என்று நினைத்தேன். ஒரு மணிக்கு ஹாரன் அடித்தேன், மறுபடியும் அடித்தேன். திரை அசையவில்லை. கண்டக்டர், "என்னப்பா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரவா?" என்றார். பஸ் நிறைய ஆள். பின்னாலிருந்து ஒருவன், "கெளம்புப்பா, வெந்து சாகுறோம்!" என்று கத்தினான். நான் கண்டக்டரிடம், "வேணாம், அவருக்கென்ன, ராஜா மாதிரி இருப்பாரு" என்றேன். கியரைப் போட்டேன்.

வாலு, அந்த வாக்கியம் அப்பாவுடையது. அன்றைக்கு அதைச் சொன்னவன் நான்.

மூன்றரைக்குத் திரும்ப வந்தபோது பஸ்ஸை நிறுத்திவிட்டு மேலே ஓடினேன். கையைத் தொட்டேன். உயிர் போன கை குளிர்ந்திருக்கும் என்பார்கள். சுட்டது.

எல்லாரிடமும், தற்செயலாகப் போனேன், மாரடைப்பு என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணிக்கும் அப்படித்தான் தெரியும். கண்டக்டர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவர் ஓய்வுபெற்றார், போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

உன் நாடகத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், அந்த டிரைவர் மட்டும் இல்லை. அவனைச் சேர். நல்லவனாகக் காட்டாதே. கெட்டவனாகவும் காட்ட வேண்டாம். அவசரத்தில் இருப்பவனாகக் காட்டு, அவ்வளவுதான்.

இதை உன் அண்ணிக்கு இன்றைக்கு நானே சொல்லப் போகிறேன். தபாலில் போட்டுவிட்டு நேராக அவளிடம்தான்.

அண்ணன்

&nbsp;

மே 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும் என்று முழு மனசோடு கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அழுதேன். இதை எழுதியதற்கு நன்றி, அண்ணா. உன்மேல் தப்பே இல்லை என்று நான் எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை. பத்தே முக்காலுக்கும் ஒரு மணிக்கும் அந்த வீட்டைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். மற்ற நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா வீட்டுக்குக் கீழ்வீட்டு அம்மா, "பஸ் ரொம்ப நேரம் எதிர்ல நின்னு ஹாரன் அடிச்சுது, அப்புறம் போயிடுச்சு" என்று அன்றைக்கே என்னிடம் சொன்னார். இரண்டு வருஷமாக உன்னிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். பிரதியை உனக்கு அனுப்பியபோது, நீயாகச் சொல்ல மாட்டாயா என்று மனசின் ஒரு மூலையில் ஆசை இருந்தது. நேராகக் கேட்டிருக்கலாம். மன்னித்துக்கொள்.

டிரைவரைச் சேர்த்துவிட்டோம். நாலு நாற்காலியும் ஸ்டியரிங்குக்கு ஒரு தட்டும்தான் பஸ். ஜன்னல் மூடியிருக்கிறது, பின்னாலிருந்து ஒருவன் கத்துகிறான், டிரைவர் கியரில் கையை வைக்கிறார். அங்கே நாங்கள் அசையாமல் நின்றுவிடுவோம். நாங்கள் கேட்கவே இல்லை, ஜனங்களாகவே, "நிறுத்து! போய்ப் பாரு!" என்று கத்துகிறார்கள். கத்தும்வரை காத்திருப்போம். கத்தியதும் டிரைவர் இறங்கிப் படியேறுவார். எங்கள் நாடகத்தில் நூலக ஊழியர் பிழைக்கிறார். இதை நான் மாற்றினேன், நீ கோபித்தாலும் பரவாயில்லை.

இந்தப் பத்து நாளாக வெயில் அடித்துத் தள்ளியது. சுகாதார அலுவலகம் ஒரு கூடத்தை ஏற்பாடு செய்து, வெயிலுக்கு ஒதுங்க வாருங்கள் என்றது. ஏழு பேர் வந்தார்கள். தனியாக இருக்கும் ரோஷக்காரர்கள் யார் அப்படி வருவார்கள்? நான் டாக்டரம்மாவிடம், எங்கள் ஒத்திகைக் கூடம் பழைய கட்டடம், சுவர் தடிமன், உள்ளே குளுமையாக இருக்கும், அங்கே கூப்பிடுகிறேன் என்றேன். "மதியம் ஒத்திகை. பார்த்துக் குறை சொல்ல ஆள் தேவை" என்று எழுதி ஒட்டினோம். அறுபது பேர்! ஒருவர் தினமும் முதல் வரிசையில் உட்கார்ந்து என் வசனத்தைத் திருத்துகிறார். சில திருத்தம் நன்றாகவே இருக்கிறது, எரிச்சலாக வருகிறது.

நேற்று டாக்டரம்மா வந்தார். எங்கள் பகுதியில் இந்தப் பத்து நாளில் ஒருவர்கூடத் தனியாக இறக்கவில்லையாம். "எதனாலன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கதவைத் தட்டுற சத்தம் கேட்டுட்டே இருந்தது" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அதில் பாதி உன்னுடையது, அனுப்பிவைக்கிறேன்.

உன் தங்கை

&nbsp;

மே 12

அன்புள்ள வாலுக்கு,

சுகம். உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "ரெண்டு வருஷமா ஒத்தையா சுமந்தியா, லூசு" என்றாள். முழங்கால் வலியோடு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டிப்போ மேனேஜரிடம் பேசிவிட்டேன். மே கடைசி ஞாயிறு உங்கள் குழு இங்கே வந்து நடிக்க முடியுமா? எண்பது டிரைவர், கண்டக்டர் இருப்பார்கள். பஸ்ஸுக்கு நாற்காலி வேண்டாம், நிஜ பஸ்ஸே தருகிறேன் என்றார் மேனேஜர்.

நான் பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் நீ வா.

அண்ணன்

&nbsp;

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டிக்கொடுத்த சாப்பாடு எங்கள் ஐந்து பேருக்கும் வழிநெடுக வந்தது. குண்டுப் பையன் அண்ணியைத் தத்தெடுத்துக்கொள்வதாகச் சொல்கிறான்.

அன்று கிளம்பும் அவசரத்தில் சொல்லாமல் வந்துவிட்டதை இப்போது சொல்கிறேன். நீ பணிமனையின் பின்வாசலில், பாதி உள்ளே பாதி வெளியே நின்றிருந்தாய். எப்போது வேண்டுமானாலும் ஓடிவிடுவாய் என்று நினைத்தேன். டிரைவர் கியரில் கை வைத்ததும் வழக்கம்போல் நாங்கள் நின்றோம். எல்லா ஊரிலும் உடனே கத்துவார்கள். உங்கள் டிப்போவில் யாரும் கத்தவில்லை. எண்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் தாங்களும் கியரைப் போட்டிருப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். நான் பயந்துவிட்டேன். இத்தனை நேரம் நாங்கள் எங்கும் காத்திருந்ததில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரே ஒரு குரல், "நிறுத்துடா."

போனில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத குரல். அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாரும் கத்தினார்கள். மேடையில் நின்றுகொண்டு அழக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அன்று என்னால் முடியவில்லை.

அண்ணியின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். நீ எழுது.

வாலு

&nbsp;

ஜூன் 29

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். தைலம் வந்தது. உன் அண்ணி அதை முழங்காலில் தடவிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள்.

நீங்கள் போன மறுநாளே டிப்போவில் பேச்சு கிளம்பிவிட்டது. தடத்தில் தனியாக இருப்பவர்கள் யார் யார் என்று கண்டக்டர்களுக்கு அத்துப்படி. விருப்பமுள்ளவர்கள் காலையில் எழுந்ததும் ஜன்னலில் மஞ்சள் துணி ஒன்றைத் தொங்கவிட வேண்டும். பத்து மணிக்குள் துணி இல்லையென்றால் ஹாரன். ஹாரனுக்கும் அசைவில்லையென்றால் கண்டக்டர் இறங்கிக் கதவைத் தட்டுவார். ஏழாம் நம்பர் தடத்தில் பதினொரு ஜன்னல். நான் மேனேஜரிடம் போய் ஏழாம் நம்பரைத் திருப்பிக் கேட்டேன். "போர் அடிக்குதுன்னீங்களே?" என்றார். "இப்ப அடிக்கல" என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை நீயும் பேப்பரில் படித்திருப்பாய், இங்கே இதுவரை காணாத வெயில். மார்க்கெட்டுக்கு அடுத்த ஸ்டாப், இரண்டாவது மாடி. ஓய்வுபெற்ற தையல் டீச்சர். துணி இல்லை. ஹாரன் அடித்தேன். இரண்டாம் முறை அடித்தேன். பஸ் நிறைய ஆள், நிற்க இடமில்லை. புதுக் கண்டக்டர் பெண், சின்ன வயசு, என் முகத்தைப் பார்த்தாள். நான் எஞ்சினை அணைத்தேன்.

"நீ பஸ்ஸைப் பாத்துக்கம்மா. நான் போறேன்" என்று இறங்கினேன்.

கதவு உள்ளே தாழ். தட்டினேன், கத்தினேன். திரும்பிப் பார்த்தால் படி முழுக்க என் பயணிகள். ஒருவர் பிளம்பர், கையில் கருவிப்பை. தாழை நெம்பித் திறக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது, பேச்சு குழறியது. உன் நாடகத்தில் செய்வதுபோலவே செய்தோம். ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம், விசிறினோம், ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எங்கள் கண்டக்டர்கள் பஸ்ஸில் சொல்லிச் சொல்லி, பாதிப் பேருக்கு அந்த நாடகம் மனப்பாடம்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது டீச்சருக்குக் கொஞ்சம் தெளிந்தது. என் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "ஜனங்கள்லாம் வேலைக்குப் போகணும், பஸ்ஸ ஏன் நிறுத்துன?" திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது என்று எல்லாரும் கைதட்டினார்கள். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அழுகை வந்துவிட்டது, வாலு. அத்தனை பேருக்கு முன்னால். யாரும் கிளம்பு என்று சொல்லவில்லை. வெந்து வழியும் வெயிலில் அத்தனை பேரும் எனக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. உனக்காவது சொல்லிவிடுகிறேன். நன்றி. அப்பாவைத் தெருவுக்குக் கொண்டுவந்ததற்கு. நான் பேசாதிருந்தபோது காத்திருந்ததற்கு.

நாற்பது நிமிஷம் லேட். டிரிப் ஷீட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். டயர், எஞ்சின், நெரிசல், மழை, இவ்வளவுதான் அச்சடித்திருக்கும். கண்டக்டர் பெண் பேனாவோடு, "இதுல எதுண்ணே போடுறது?" என்றாள். அவளே யோசித்து ஓரத்தில் கையால் எழுதினாள்.

இன்று காலை ஜூலை மாதத்துக்கான புது ஷீட்டுக் கட்டு அச்சகத்திலிருந்து வந்தது. பிரித்துப் பார்த்தேன். டயர், எஞ்சின், நெரிசல், மழை. அதற்குக் கீழே ஐந்தாவதாக, அவள் எழுதிய அதே வார்த்தைகள்: கதவைத் தட்டியது.

அண்ணன்